ரேஸ்கோர்ஸ் சித்தர்

விடிகாலை 4.12-க்குக் கைபேசி அதிர்ந்தது. ஊரில் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று பதறி எடுத்துப் பார்த்தால், ஒரு செந்தாமரை. அதன்மேல் மஞ்சள் எழுத்தில், 'ஆழ்ந்த உறக்கமே ஆரோக்கியத்தின் அஸ்திவாரம். இனிய காலை வணக்கம்' என்றிருந்தது. அனுப்பியவர் எங்கள் அடுக்ககத்தில் ஐந்தாவது மாடிக்காரர். நான் நான்காவது மாடியில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடந்தேன். நடு வயதுக்காரருக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்பது மருத்துவர்கள் வாக்கு. என் ஏழில் கடைசி இரண்டை அவர் நாள்தோறும் வசூல் செய்துவிடுவார்.

அவரை நாங்கள் சித்தர் என்போம். முகத்துக்கு நேரே இல்லை. முகத்துக்கு நேரே அண்ணா. கோயமுத்தூரில் ஒவ்வொரு அடுக்ககத்துக்கும் லிஃப்ட், ஜெனரேட்டர் போல இப்படி ஒருவர் உண்டு. சில இடங்களில் இரண்டு பேர் அமைந்துவிடுவார்கள். அப்படி அமைந்தால் ஒருவர் சிறுதானியம், இன்னொருவர் பேலியோ. இருவருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது.

எங்களவருக்கு வயது அறுபத்தெட்டு. பம்ப்செட் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்த்து ரிட்டையரானவர். வெயில் மண்டையைப் பிளக்கும் ஏப்ரலிலும் விடிகாலையில் குரங்குக் குல்லா உண்டு. அதற்குக் கீழே திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டி-ஷர்ட். நெஞ்சில் ஏதோ அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் பெயர். கையில் நாய்க்கு ஒரு குச்சி. பையில் ஊறவைத்த திராட்சை, நமக்கு.

"உடம்புங்கறது ஒரு மோட்டாருங்க தம்பி" என்றுதான் எந்தப் பேச்சையும் தொடங்குவார். இதயம் அவருக்கு இம்பெல்லர். தொண்டை ஃபுட்வால்வு. வாயுத் தொந்தரவு என்றால் ஏர் பிடித்திருக்கிறது. எனக்கு ஒரு முறை தலைசுற்றல் வந்தபோது என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "லோ வோல்டேஜுங்க. இப்படியே ஓட்டுனீங்கன்னா காயில் எரிஞ்சுரும்" என்றார். அந்த வாரம் முழுக்க எனக்குக் கருகல் வாசனை அடித்துக்கொண்டே இருந்தது.

அவருடைய பீடம் ரேஸ்கோர்ஸ். வெள்ளைக்காரர் காலத்தில் குதிரைகள் ஓடிய அந்த வட்டத்தில் இப்போது நடப்பவர்கள் பெரும்பாலும் சர்க்கரைக்காரர்கள். ஒரு சுற்று சுமார் இரண்டரைக் கிலோமீட்டர். அரை மணியில் முடித்துவிடலாம். அவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். வழியில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் நிறுத்தி, எப்படி நடக்க வேண்டும் என்று நின்றுகொண்டே விளக்குவார். கை வீச்சு போதாது, குதிகால் முதலில் ஊன்ற வேண்டும், நடக்கும்போது பேசவே கூடாது. கடைசி விதியை விளக்கத்தான் அதிக நேரம் பிடிக்கும். சுற்று முடிந்ததும் படையோடு ஒரு ஓட்டலில் நெய் ரோஸ்ட்டும் மெதுவடையும். எழுபது கிலோ ஆள் இரண்டரைக் கிலோமீட்டர் நடந்தால் எரிவது நூற்றைம்பது கலோரிக்குள்தான். நெய் ரோஸ்ட்டின் முதல் பாதியிலேயே கணக்கு நேராகிவிடும். மறு பாதியும் வடையும் லாபம்.

அமெரிக்காவில் இருக்கும் மகன் ஒரு வாட்ச் அனுப்பினான். அடி எண்ணும் வாட்ச். அன்றிலிருந்து ஒரு நாளைக்குப் பத்தாயிரம் என்பது அவருக்கு வேதமாகிவிட்டது. சும்மா இருக்காமல் நான் வாயைக் கொடுத்தேன். "அந்தப் பத்தாயிரம் டாக்டர் சொன்ன கணக்கில்லைங்கண்ணா. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச மறு வருஷம், 1965-ல், யமாசான்னு ஒரு ஜப்பான் கம்பெனி இடுப்புல மாட்டற நடைமானி வித்துச்சு. அதுக்கு 'மான்போ-கெய்'னு பேரு. பத்தாயிரம் அடி மானின்னு அர்த்தம். கடைக்காரன் வெச்ச பேருதான்" என்றேன். ஹார்வர்டின் ஐ-மின் லீ குழு வயதான பெண்களை வைத்துச் செய்து 2019-ல் வெளியிட்ட ஆய்வையும் சொன்னேன். அதில் நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே நல்ல பலன் தெரிந்தது; சுமார் 7,500 வரை கூடிக்கொண்டே போன பலன், அதற்கு மேல் பெரிதாகக் கூடவில்லை.

பொறுமையாகக் கேட்டார். "அப்ப ஜப்பான்காரன் அத்தனை பேரு நூறு வயசு இருக்கறது எப்படீங்க?" என்றார். பிறகு திராட்சை கொடுத்தார்.

இரவு ஒன்பதே முக்காலுக்கு வாட்ச் 9,640 என்று காட்டினால் மனிதருக்கு உறக்கம் வராது. சாப்பாட்டு மேசையைச் சுற்ற ஆரம்பிப்பார். என் தலைக்கு மேலே தொம் தொம் என்று கேட்கும். முன்பு மொட்டை மாடியில் சாக்பீஸால் பெரிதாக எட்டு வரைந்து நடந்துகொண்டிருந்தார். வடாம் காயவைக்கும் அக்காமார்கள் சங்கத்தில் புகார் கொடுத்து அதை அழிக்க வைத்துவிட்டார்கள்.

இந்த வாட்ச் விவகாரத்தில் ஒரு நாள் ஒரு பெரும் சம்பவம் நடந்தது. அதை எனக்குச் சொன்னது அவர் மனைவி. அந்த அக்கா பொய் சொல்ல மாட்டார். "அம்மிணி, நீ ஒக்காந்த எடத்துலயே இருக்கறே. இதைக் கட்டிப் பாரு, உன்ற லட்சணம் தெரியும்" என்று சித்தர் காலையில் வாட்சைக் கழற்றி அக்கா கையில் கட்டியிருக்கிறார். அக்கா அன்று அடுக்ககத்தின் வாசலைத் தாண்டவில்லை. கோலம், பால், சமையல், மாடிக்குத் துணி, மாடியிலிருந்து துணி, மிளகாய் உலர்த்தி, மழை தூறவும் ஓடிப்போய் அள்ளி, மறுபடி உலர்த்தி, இரவு சப்பாத்தி. படுக்கப் போகும்போது வாட்ச் பார்த்தால் 12,306.

வீட்டில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். அக்காதான் பேசியிருக்கிறார்: "ஏனுங்க, இதுல ஒரு நாலாயிரம் உங்களுக்கு வெந்தயத் தண்ணி, சீரகத் தண்ணி, செம்புத் தண்ணின்னு கொண்டாந்து குடுத்ததுங்க."

சித்தர் யோசித்து, கணக்கு தப்பு என்று தீர்ப்புச் சொன்னார். சப்பாத்தி மாவு பிசைந்ததையெல்லாம் வாட்ச் நடை என்று எடுத்துக்கொண்டுவிட்டதாம். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. அந்த வாட்ச் கை ஆடுவதை வைத்துத்தான் அடியை எண்ணுகிறது. ஆனால் அடுத்த வாரம் ஒரு நாள் சாவி வாங்க மேலே போனபோது நான் என் கண்ணால் பார்த்தேன். இரவு ஒன்பதே முக்கால். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தர் தரையில் சம்மணமிட்டு மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

மனநலத்தையும் அவர் விட்டுவைத்ததில்லை. 1995-ல் மதன் கட்டாரியா என்ற டாக்டர் மும்பைப் பூங்கா ஒன்றில் நாலைந்து பேரோடு தொடங்கிய சிரிப்பு மன்றம் ஊர் ஊராகப் பரவியது அல்லவா? அதன் ஏதோ ஒரு கிளைக்கொழுந்து எங்கள் பக்கமும் முளைத்தது. ஆறரை முதல் ஆறே முக்கால் வரை கையை உயரத் தூக்கி ஹோ ஹோ, ஹா ஹா. சித்தர் சிரிப்பதைக் கேட்டால் டீசல் என்ஜினுக்குக் கை சுற்றி ஸ்டார்ட் பண்ணுவது போலிருக்கும். காகங்கள் பறந்துவிடும். ஆறே முக்காலுக்கு ஸ்விட்சைத் தட்டியது போல முகம் பழையபடி ஆகிவிடும். முப்பத்தெட்டு வருஷத்தில் வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்து அக்கா கேட்டதில்லை. கேட்டதற்கு, "வீட்டுல சிரிச்சா மருவாதி இருக்காதுங்க" என்றாராம்.

டென்ஷனே கூடாது என்பார். அதைப் பார்க்கிங்கில் யாராவது வண்டியைக் குறுக்கே விட்டிருக்கும்போது, கழுத்து நரம்பு புடைக்கச் சொல்வார். நான் கவனித்த வரையில், அறிவுரை சொன்னதும் அவருடைய ரத்த அழுத்தம் இறங்குகிறது, கேட்டவருக்கு ஏறுகிறது. அழுத்தம் அழிவதில்லை, மாடி மாறுகிறது.

அவருடைய பரம எதிரி வெள்ளைச் சர்க்கரை. "வெஷமுங்க தம்பி, தொடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே தன் காபியில் மூன்று கரண்டி நாட்டுச் சர்க்கரை போடுவார். அதில் கொஞ்சம் தாதுச்சத்து ஒட்டியிருப்பது நிஜம். மற்றபடி பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். இரண்டும் ஒரே கரும்பின் பிள்ளைகள். ஒன்று குளித்துவிட்டு வந்தது, இன்னொன்று குளிக்காமல் வந்தது. ரத்தத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. இந்துப்பு விஷயமும் அப்படித்தான். "இதுல உப்பே இல்லீங்க" என்று அவர் சத்தியம் செய்யும் இளஞ்சிவப்புக் கல், கிட்டத்தட்ட முழுக்கச் சோடியம் குளோரைடு. ஒரு நாளைக்கு ஐந்து கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் நிறுத்துங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பில் இதுவும் சேர்த்தி.

ரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பே அவர் வீட்டில் பாகற்காய் மணக்கத் தொடங்கும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 98 என்று வரும். அந்தத் தாளைக் கல்யாணப் பத்திரிகை போல வீடு வீடாகக் காட்டுவார். சென்ற வருஷம் ஒரு பொல்லாத டாக்டர் ஹெச்.பி.ஏ.1.சி.யும் பார்க்கச் சொல்லிவிட்டார். சிவப்பணு சுமார் நூற்றிருபது நாள் உயிரோடிருக்கும். அத்தனை நாளும் ஓடிய சர்க்கரை அதில் ஒட்டிக்கொண்டே வரும். அந்தக் கணக்குப்பிள்ளையிடம் மூன்று நாள் பாகற்காய் செல்லாது. 7.8 என்று வந்தது. இந்தத் தாள் வீடு வீடாக வரவில்லை. "மீட்டர் கம்ப்ளைன்ட்டுங்க தம்பி" என்று லிஃப்டில் முணுமுணுத்தார்.

லிஃப்ட் என்றதும் என் கதைக்கு வந்துவிடுகிறேன். எனக்கே அப்போது அந்த எண் 6.4. இன்னும் 0.1 ஏறினால் சர்க்கரைக்காரன் என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார். அது எப்படியோ சித்தர் காதுக்குப் போய்விட்டது. அதன் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. நான்காவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்தால், ஐந்திலிருந்து இறங்கும் அவர் உள்ளே ஏற்கெனவே நிற்பார், வெந்தயத்தோடு. நான்கு மாடி இறங்குவதற்குள் நான்கு வைத்தியம். எனவே நான் படிக்கட்டுக்கு மாறினேன். வாசல் பால் பூத்தில் அவர் நிற்பார் என்பதால் பின்பக்கக் கேட் வழியாக இரண்டு தெரு தள்ளியிருக்கும் கடைக்குப் போனேன். இரவுச் சாப்பாடு முடியும் நேரமாகப் பார்த்து, கையில் ஒரு சிறு புத்தகத்தோடு அழைப்பு மணியை அடிப்பார். அதனால் சாப்பிட்டுக் கை கழுவியதும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, அவர் போய்விட்டதாக மனைவி சமிக்ஞை காட்டும் வரை, ஒரு பதினைந்து நிமிடம், சுற்றிக்கொண்டிருப்பேன். 4.12 தாமரைக்குப் பயந்து கைபேசியை இரவு அணைத்து ஹாலிலேயே வைத்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 5.9.

டாக்டர் நம்பாமல் இரண்டாவது முறை தாளைப் பார்த்தார். "என்ன பண்ணீங்க?" என்றார். "ஒருத்தரைப் பார்த்து ஓடினேன்" என்றேன். விவரம் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு அவர் சொன்னது இது: சாப்பிட்டவுடன் நடந்தால், ரத்தத்துக்கு வந்து சேரும் சர்க்கரையைத் தசைகள் சுடச்சுட இழுத்துக்கொள்ளும். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் சர்க்கரை நோயாளிகளிடம் பார்த்திருக்கிறார்கள். ஏதோ ஒரு வேளையில் அரை மணி நடப்பதைவிட, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடப்பது சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை நன்றாகக் குறைத்தது. 2016-ல் வெளிவந்த ஆய்வு. படிக்கட்டும் தூக்கமும் அதற்கு மேல் வரவு.

செய்தி சித்தருக்கு எட்டியது. மாடிப்படியில் வழிமறித்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது. "பாத்தீங்களா தம்பி, வெந்தயம் வேலை செஞ்சிருச்சு!" நான் மறுக்கவில்லை. அந்த வெந்தயம் முழுவதும் எங்கள் பால்கனித் தொட்டியில் கீரையாக முளைத்து, இரண்டு முறை சப்பாத்தியில் போய்விட்டிருந்தது.

ஆறு மாதமாக அவர் ஊரில் இல்லை. மகனிடம் போயிருக்கிறார். அங்கே நடைபாதை பளிங்கு போலிருக்கிறதாம், காற்று சுத்தமாம், தினம் பன்னிரண்டாயிரம் அடி போகிறதாம். "ஆனா நிறுத்திப் பேசறதுக்கு ஒரு ஆளு இல்லீங்க தம்பி" என்று வீடியோவில் சொன்னபோது குல்லாவுக்குள் முகம் சிறுத்துத் தெரிந்தது. பிறகு ஒரு குஜராத்திப் பெரியவர் கிடைத்துவிட்டாராம். இவருக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. கை வீச்சு போதாது என்பதைச் சாடையிலேயே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இங்கே நான் லிஃப்டுக்குத் திரும்பிவிட்டேன். பால் வாசல் பூத்தில். சாப்பிட்டதும் சோபா. கைபேசி தலையணைக்கடியில். போன வாரம் பார்த்ததில் 6.3.

வருகிற வியாழக்கிழமை அவர் வருகிறார். படிக்கட்டில் இரண்டாவது மாடி விளக்கு எரியவில்லை, புதனுக்குள் மாற்றிவிடுங்கள் என்று சங்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.