ஃப்ளோரன்ஸ்காரனுக்கு இத்தாலியன் வராது

1861 மார்ச்சில் இத்தாலி என்றொரு நாடு பிறந்தது. முதல் அரசர் இரண்டாம் விக்தோர் இம்மானுவேல் வாயில் புழங்கியது பியெமோந்தே வட்டாரப் பேச்சும் பிரெஞ்சும். சிதறிக் கிடந்த நாட்டை ஒட்டவைத்த பிரதமர் கவூருக்கும் பிரெஞ்சுதான் சரளம். அன்றைய இத்தாலியில் இத்தாலியன் தெரிந்தவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர் என்று பின்னாளில் கணக்குப் போட்டார் மொழியறிஞர் துல்லியோ தெ மௌரோ. அந்த அரை ஆள் அரசராக இருக்கலாம்.

பின்னே அது யாருடைய மொழி? ஃப்ளோரன்ஸ்காரர்களுடையது. அதிலும், செத்து ஐந்நூறு வருஷம் ஆனவர்களுடையது.

ஆரம்பித்துவைத்தவர் கவிஞர் தாந்தே. 1302இல் கட்சித் தகராறில் ஃப்ளோரன்ஸ் அவரை ஊரைவிட்டுத் துரத்தியது. கையில் சிக்கினால் உயிரோடு கொளுத்துவோம் என்றும் தீர்ப்பு எழுதியது. (நகரமன்றம் மனமிரங்கி அந்தத் தண்டனையை ரத்து செய்தது 2008இல். நம்மூர் கோர்ட்டுகளில் வாய்தா வாங்கி அலுத்தவர்கள் ஆறுதல் கொள்ளலாம்.) ஊர் ஊராகத் திரிந்தவர் தாய்மொழியின் பெருமை பற்றி ஒரு நூல் எழுதத் தொடங்கினார், லத்தீனில். நாட்டின் 14 வட்டாரப் பேச்சுகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் கிழித்துத் தோரணம் கட்டினார். ரோமாபுரிப் பேச்சு இருப்பதிலேயே அசிங்கம். தங்கள் பேச்சே உசத்தி என்று திரியும் தஸ்கனிக்காரர்களுக்குப் பைத்தியம். பொலோன்யாவுக்கு மட்டும் பாஸ் மார்க். நூலைப் பாதியில் போட்டுவிட்டுக் காவியம் எழுதினார். எந்தப் பேச்சில்? தஸ்கனியின் நடுவீடான ஃப்ளோரன்ஸின் பேச்சில்தான்.

அடுத்து கவிஞர் பெத்ரார்க், கதைசொல்லி பொக்காச்சியோ. மூன்று பெரிய தலைகள் ஒரே வட்டாரத்தில் முளைத்தால் பேச்சுக்கு மவுசு வராமல் இருக்குமா? ஆனால் கவிதை மட்டும் இதைச் சாதித்தது என்று நம்ப எனக்கு மனமில்லை. ஃப்ளோரன்ஸின் வட்டிக்கடைகளிடம் மன்னர்களே கடன் வாங்கிய காலம் அது. 1252இல் அடித்த ஃப்ளோரின் தங்கக் காசு ஐரோப்பா முழுக்கச் செல்லுபடியானது. கடன் கொடுத்தவன் பேச்சில் யார் பிழை பார்ப்பார்கள்?

1525இல் பியெத்ரோ பெம்போ வந்தார். வெனிஸ்காரர், பின்னாளில் கார்டினல். நல்ல இத்தாலியன் எது என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார்: செய்யுளுக்குப் பெத்ரார்க், உரைநடைக்குப் பொக்காச்சியோ. இருவரும் காலமாகி அப்போது 150 வருஷம். தாந்தே? கொச்சைச் சொல் நிறையப் போடுகிறார், ஒரு படி கீழே உட்காரட்டும். இன்றைக்கு ஃப்ளோரன்ஸில் பிறந்திருப்பது நல்ல ஃப்ளோரன்ஸ் மொழி எழுதப் பெரிய உதவி இல்லை என்றும் அவர் நூலில் ஒரு வாதம் வருகிறது. ஊர்க்காரன் வாயடைத்துப் போக வேறென்ன வேண்டும்?

ஃப்ளோரன்ஸுக்கு ரோஷம் வந்தது. 1580களில் சில படிப்பாளிகள் கூடி, 'தவிடு' என்று பொருள்படும் குருஸ்கா பெயரில் ஒரு கழகம் தொடங்கினார்கள். மொழியைச் சலித்து மாவையும் தவிட்டையும் பிரிப்பது வேலை. விளையாட்டை எந்த அளவுக்குக் கொண்டுபோனார்கள் என்றால், உட்காருவது கவிழ்த்த ரொட்டிக்கூடை, முதுகு சாய்வது ரொட்டி அடுப்புத் துடுப்பு. உறுப்பினர் சல்வியாத்தியின் பட்டப்பெயர் 'மாவு பூசியவர்'. இந்தக் கோலத்தில் உட்கார்ந்துதான் 1612இல் பெரிய அகராதியை முடித்தார்கள். அச்சிட்டது வெனிஸில்.

நம் வீரமாமுனிவரும் இந்தக் களேபரத்திலிருந்து வந்தவர்தான். 1680இல் மாந்துவா பக்கம் கஸ்திலியோனேயில் பிறந்த பெஸ்கி, இங்கே வந்து கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணம், செந்தமிழுக்கு ஓர் இலக்கணம் என்று தனித்தனியாக எழுதினார். எழுத்துக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று என்பது அவருக்குப் புதுசாகவா இருந்திருக்கும்?

அடுத்த பைத்தியம் மிலான்காரர் மன்ஸோனி. 1827இல் நாவல் வெளியிட்டார், நாடே கொண்டாடியது. அவருக்கோ மொழி உறுத்தியது. ஃப்ளோரன்ஸ் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு, அர்னோ ஆற்றில் துணி அலசுகிறேன் என்று சொல்லி, முழு நாவலையும் திருத்தி எழுதி 1840இலிருந்து மறுபடி வெளியிட்டார். ஊருக்குத் திரும்பியபின் சந்தேகம் கேட்க மிலானிலேயே ஓர் ஆள் கிடைத்தார்: பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த ஃப்ளோரன்ஸ் பெண் எமிலியா லூத்தி. தேசத்தின் தலைசிறந்த நாவலுக்கு மெய்ப்புப் பார்த்தது ஆயாம்மா.

1868இல் மன்ஸோனி அரசுக்கு அறிக்கையே கொடுத்தார்: இன்றைய ஃப்ளோரன்ஸ் பேச்சை நாடு முழுக்கப் பரப்புங்கள். அகராதியும் கிளம்பியது. அட்டையைப் பார்த்தே சிரித்தார் அஸ்கோலி என்ற அறிஞர். 'புதிய' என்பதற்கு நாடே 'நுவோவோ' என்று எழுதும்போது, அட்டையில் ஃப்ளோரன்ஸ் வாய்ப்படி 'நோவோ' என்று போட்டிருந்தது. இன்றும் இத்தாலியில் 'நுவோவோ'தான்.

கடைசியில் காரியத்தை முடித்தவை பள்ளிக்கூடம், பட்டாளம், ரேடியோ, டிவி. 1960 முதல் 1968 வரை அல்பெர்தோ மன்ஸி என்ற வாத்தியார் டிவியில் கரித்துண்டால் படம் வரைந்து காட்டி, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பாடம் நடத்தினார். அவர் ரோமாபுரிக்காரர், தாந்தே அசிங்கம் என்றாரே, அந்த ஊர்.

ஃப்ளோரன்ஸ்காரர்கள்? உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும் 'க' அவர்கள் வாயில் 'ஹ' ஆகிவிடும். கோகா கோலா கேட்கப் போனாலும் 'ஹோலா' என்று இழுப்பதாகச் சொல்லி மற்ற இத்தாலியர்கள் இன்றைக்கும் அவர்களைக் கிண்டலடிக்கிறார்கள். நீங்களும் சேர்ந்து சிரிக்குமுன் 'மகன்' என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.