மில்லட் சார்

குமாரபாளையத்தில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். தாத்தா கைத்தறி, அப்பா விசைத்தறி, இவர் பி.இ. லுங்கியும் துண்டும் ஓட்டிச் சேர்த்த காசில் படித்தவர். காலையில் காவிரிக் கரையோரம் கையில் கடிகாரத்தோடு நடப்பார். எத்தனை அடி நடந்தோம் என்பதைக் காலுக்குத் தெரியாமல் கடிகாரம் எண்ணிக்கொண்டிருக்கும். ஊரில் இவருக்குப் பெயர் மில்லட் சார்.

கல்யாணப் பந்தியில் சோற்றுவாளி வரும்போதே இலைமேல் கையை விரித்து, "கார்ப் வேண்டாமுங்க" என்பார். கார்ப் என்பது கூட்டா, பொரியலா என்று புரியாத பரிமாறுகிற பையன் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, "அது தீர்ந்துபோச்சுங்க சார்" என்பான்.

நாட்டுக்கே முட்டை அனுப்புகிற நாமக்கல் மாவட்டத்தில் குடியிருந்துகொண்டு பண்ணை முட்டையைத் தொடமாட்டார். நாட்டுக்கோழி முட்டைதான், அதிலும் வெள்ளைக்கரு மட்டும். மஞ்சள் கரு வீட்டு நாய்க்கு. நாய் பளபளவென்று இருக்கிறது. காப்பிக்குச் சீனி விஷம். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வரும் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை என்றால் மூன்று கரண்டி. பள்ளிபாளையம் சிக்கனுக்கு மட்டும் எந்தச் சட்டமும் கிடையாது. வரமிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் எண்ணெயில் மிதக்கும். கேட்டால், "புரதமுங்க" என்பார்.

சார் முதன்முதலாக வீட்டில் ராகிக் களி கேட்ட அன்று அவர் அம்மாவுக்கு வந்த கோபம் நியாயமானது. "ஏஞ்சாமி, களி திங்காம நெல்லுச்சோறு திங்கோணும்னுதான் உன்னையப் பள்ளிக்கோடத்துக்கு அனுப்புனேன். படிச்சுப்போட்டு வந்து களி கேக்கறயே!" பிறகு மனமிரங்கிக் கிண்டியும் கொடுத்தார். சார் அதை ஸ்பூனில் வெட்டி, உணவை நன்றாக மெல்ல வேண்டும் என்ற விதிப்படி மென்றார். களியை விழுங்கத்தான் வேண்டும் என்பது எந்தக் காணொளியிலும் வரவில்லை போலும்.

அம்மாவின் கோபத்துக்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு. இந்த மேட்டுக்காட்டுச் சீமையில் முன்பு கம்பும் சோளமும் ராகியும்தான் அன்றாடம். நெல்லுச்சோறு நோம்பிக்கு வருகிற விருந்தாளி. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சுக்கு அத்தனை ஓட்டு விழுந்ததற்குப் பாதிக் காரணம் அந்த நெல்லுச்சோற்று ஏக்கம்தான். 2008இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது, 2011இல் காசே வேண்டாமென்றானது. எல்லார் வீட்டுத் தட்டிலும் வெள்ளைச் சோறு விழுந்ததும், படித்தவர் தட்டிலிருந்து அது இறங்கிவிட்டது. இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் வெள்ளை ரொட்டி கனவானுக்கு, பழுப்பு ரொட்டி கூலிக்காரனுக்கு என்றிருந்தது. இன்று பழுப்பு ரொட்டிக்குத்தான் விலை அதிகம். ஏழை கைவிட்ட பிறகுதான் பண்டத்துக்குச் சத்து ஏறும் என்பது என் சந்தேகம்.

இந்தியா கேட்டுக்கொண்டதன்பேரில் 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, சார் அதைச் சொந்த வீட்டு விசேஷமாகவே எடுத்துக்கொண்டார். தறிக்கூடத்துக்குப் போய் அங்கிருந்தவர்களிடம் மைதாவின் கொடுமையை விளக்கினார். நாலு தறி பார்க்கிற ஓர் அண்ணன் நூல் முடிந்துகொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது வாஸ்தவமுங்க சார். ராத்திரி ரெண்டு மணிக்கு இங்க களி கிண்டித் தர ஆள் யாருங்க? பரோட்டான்னா பொட்டலத்துல வந்துருது."

சாரிடம் பதில் இல்லை. தறி இரைச்சலில் காது கேட்கவில்லை என்று சைகை செய்தார்.

அந்த அண்ணன் கேட்டதுதான் விஷயமே. ஊறவைக்க, அரைக்க, கிண்ட, ஆறவைக்க ஓர் ஆளின் நேரம் வேண்டும். சார் வீட்டில் அது அம்மாவின் நேரம், அல்லது சமையலுக்கு வரும் அக்காவின் நேரம். அந்த அக்கா தன் வீட்டுக்குப் போய் என்ன வைக்கிறார் என்று சார் இதுவரை கேட்டதில்லை. ரேஷன் அரிசிச் சோறும் ரசமும்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்திய பெரிய ஆய்வில் 2017இல் வெளியான பகுதி, வசதியான மாநிலங்களின் நகரங்களில் பணமுள்ளவர்களைவிட இல்லாதவர்களிடம்தான் சர்க்கரை நோய் கூடுதல் என்று காட்டியது. ஒரு காலத்தில் அது பணக்கார வியாதி. களி மேல்வீட்டுக்கு ஏறியபோது சர்க்கரை கீழ்வீட்டுக்குக் குடி வந்துவிட்டது. மேல்வீட்டை முழுதாகக் காலி செய்துவிடவும் இல்லை. சாரின் மூன்று மாதச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் பேச்சு உடனே தூயமல்லி என்ற பாரம்பரிய அரிசிக்குத் தாவிவிடும்.

2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு ரேஷன் கடையில் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து சாருக்கு ராகிமேல் இருந்த பிடிப்பு தளர்ந்திருக்கிறது. நாமக்கல்லுக்கும் வந்துவிட்டால் வரிசையில் நிற்பவர்களும் இவரும் ஒரே களியல்லவா தின்ன வேண்டும்? இப்போது கீன்வாவை விசாரித்துக்கொண்டிருக்கிறார். பெரு, பொலிவியா மலைக் குடியானவர்கள் காலங்காலமாகத் தின்ற தானியம் அது. அங்கேயும் ஓர் அம்மா யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார்.

ஆர்கானிக் கடையில் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, "இதை எப்படிங்க சாப்பிடோணும்?" என்றார் சார்.

"வேக வெச்சாப் பொலபொலன்னு சோறாட்டமே இருக்குமுங்க சார். ரசம் ஊத்திக்கலாம்."

சார் இரண்டு கிலோ வாங்கினார்.