ஒரு ஒடம்பு, ஒம்பது சீட்டு

ஏலே தம்பி, இங்கன வந்து திண்ணையில உக்காரு. பெங்களூருல இருந்து ஒங்கப்பனுக்குக் கடிகாரம் அனுப்பியிருக்கியாமே, நெஞ்சு துடிக்கதை எண்ணுமாம். நல்லது. போன மாசம் 'சீனியர் சிட்டிசன் கோல்டு பேக்கேஜ்'னு உச்சியில இருந்து உள்ளங்கால் வரைக்கும் சோதிச்சு, பைண்டு போட்டுப் புஸ்தகமும் குடுத்தாவளாம். அதுவும் நல்லது. ஒங்க வீட்டுக் கக்கூஸுல பல்பு ஃபியூஸ் போயிக் கெடக்கே, அது அந்தப் புஸ்தகத்துல எந்தப் பக்கம்டே?

சிரிக்காத. ஒங்கப்பன் மருந்துப் பையைக் கொட்டிப் பாரு. சக்கரைக்கு ஒரு டாக்டர், பிரஷருக்கு ஒரு டாக்டர், முட்டுக்கு ஒருத்தர், தூக்கத்துக்கு ஒருத்தர். எல்லாரும் படிச்சவுக, கெட்டிக்காரவுக. ஆனா ஒரு மாட்டுக்கு நாலு பேரு நாலு கயித்தைக் கட்டி நாலு பக்கம் இழுத்தா மாடு எங்க போவும்? முட்டுவலி மாத்திரை பிரஷரை ஏத்திவிடும். பிரஷர்காரர் என்ன செய்வாரு? தன் மாத்திரையைக் கூட்டுவாரு. கூட்டினா, எந்திரிச்சு நிக்கையில கிறுகிறுன்னு வரும். அதுக்கு மேல தூக்க மாத்திரை. நடுச்சாமத்துல ஒண்ணுக்குப் போவணும். தரையில வழுவழு டைல்ஸ். பொறவு என்ன, வழுக்கி விழுந்தா இடுப்பெலும்பு போச்சு.

இப்பம்தான் வேடிக்கை. செவுத்துல கைப்பிடிக் கம்பி மாட்டச் சில நூறு ரூவாயா, தண்டச் செலவுன்னு சொன்ன வீட்டுல, நகை அடகுக்குப் போவுது. ஆபரேஷன் முடிஞ்சு படுக்கை. படுக்கையில புண்ணு. நெஞ்சுல சளி. ஒங்கம்மா ராவும் பகலும் தூக்கி, தொடச்சு, பீ மூத்திரம் அள்ளி, தன் இடுப்பையும் ஒடச்சுக்கிடுதா. அந்தக் கூலியை எந்தக் கணக்குப்பிள்ளை ஏட்டுல எழுதுதான்? கோட்டு மாட்டிக்கிட்டு 'முதியோர் பராமரிப்பின் பொருளாதாரம்'னு பேசுதவுகளைக் கேட்டுப் பாரு. பல பேரு ஏட்டுல அது சைபர். வீட்டுப் பொம்பளை செய்தா செலவே இல்லையாம்! நல்ல கணக்குடே.

தில்லி சர்க்கார் 2024 அக்டோபர்ல, 70 வயசு ஆனவுகளுக்கு ஆயுஷ்மான் காப்பீடுன்னு வருசம் 5 லட்சம் வரைக்கும் தொடங்கிச்சு. வேண்டாம்னு சொல்ல நான் ஆரு? ஆனா அது ஆசுபத்திரியில போயிப் படுத்தாத்தான். விழுந்தவனுக்கு 5 லட்சம். விழாம நிக்கவனுக்கு?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவுல பதில் தேடியிருக்காவ. சான்பிரான்சிஸ்கோவுல சீனாக்காரப் பேட்டை ஒண்ணு இருக்கு, சைனாடவுன். அங்கன ஒரு பல் டாக்டரும் ஒரு சமூக சேவை அம்மாவும் வேற சில பேரும் சேந்து முதியோர் இல்லம் கட்ட நெனச்சாவ. கட்டுபடியாகல. சரி, கெழவன் கெழவி வீட்டுலயே தூங்கட்டும், பகல்ல கூட்டியாந்து பாத்துக்கிடுவோம்னு 1971-ல 'ஆன் லோக்'னு ஆரம்பிச்சாவ. அங்க டாக்டர், நர்ஸ், உடற்பயிற்சிக்காரர், சாப்பாட்டு யோசனை சொல்லுதவர், வண்டி ஓட்டுதவர் வரைக்கும் ஒண்ணா உக்காந்து ஒவ்வொரு ஆளைப் பத்தியும் பேசுதாவ. டிரைவர் எதுக்குன்னு கேக்கியா? வாசப்படியில கால் தடுமாறுததை மொதல்ல பாக்கது அவன்தானே! ஸ்கேன் மிஷினா பாக்கும்?

அதைவிடப் பெரிய சூட்சுமம் பணப்பையில இருக்கு. ஆளுக்கு மாசம் இவ்வளவுன்னு சர்க்கார் ஒரு தொகையைக் குடுத்துரும். கம்பி மாட்டினாலும் அதுலதான். எலும்பு ஒடஞ்சு ஆசுபத்திரிக்குப் போனாலும் அதுலதான். தன் பையில இருந்து போவுதுன்னா ஆருக்குத்தான் புத்தி வராது? நம்ம ஊருல கம்பிச் செலவு ஒருத்தனுக்கு, எலும்பு வரவு இன்னொருத்தனுக்கு. பொறவு கம்பி எப்பிடி ஏறும்? அந்த அமெரிக்க ஏற்பாட்டுக்கு 'பேஸ்'னு பேரு வச்சு 1997-ல சட்டத்துலயே நிரந்தரமாக்கிட்டாவ.

அதுக்காக, எல்லாரும் ஒண்ணாச் சேந்து பாக்குததுக்கு 'ஒருங்கிணைப்பு'ன்னு பலகை மாட்டினவொடனே காசு கொட்டும்னு நெனச்சுராத. இங்கிலாந்துல 2009-ல 16 எடத்துல இப்பிடிச் சோதிச்சாவ. கூட்டம் போட்டாவ, படிவம் எழுதினாவ. 2012-ல கணக்குப் பாத்தா, அவசரமா ஆசுபத்திரிக்கு ஓடுதது கொறையவே இல்ல. மீட்டிங்குக்குக் காப்பி வாங்கினா கெழவிக்குக் காலு பலமாவுமா? எந்த ஆளுக்கு, எந்த நேரத்துல, ஆரு வீட்டுக்குப் போறதுங்கதுலதான் மிச்சம் இருக்கு.

வீட்டுக்குப் போற வழி நம்ம ஊருலயும் உண்டு. 2021 ஆகஸ்டுல கிருஷ்ணகிரி ஜில்லாவுல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்'. பிரஷர், சக்கரை மாத்திரையை வாசலுக்கே கொண்டாந்து குடுத்து, கை கால் பயிற்சியும் சொல்லுதாவ. ஒனக்கு அது எளக்காரம். ஏன்னா பில்லு வரலை. பில்லு வந்தாத்தான ஒங்களுக்கு வைத்தியம்!

இந்தத் தடவை பெங்களூருக்குத் திரும்புததுக்கு முந்தி ஒரு காரியம் பண்ணு. அந்த மருந்துப் பையை அப்பிடியே தூக்கிட்டு ஒரே ஒரு டாக்டர்கிட்டப் போ. முதியோர் மருத்துவம் படிச்சவரு கெடைச்சா ரொம்ப நல்லது, இல்லேன்னா நம்ம ஊரு டாக்டரே போதும். எல்லாத்தையும் மேசையில கொட்டி, இதுல எது தேவை, எதை நிறுத்தலாம்னு கேளு. நீயா நிறுத்திப்புடாதடே, மூதி.