தயாராகும் தம்பி

கழுத்தில் தங்கப் பதக்கமும் கையில் மூவர்ணக் கொடியுமாக ஐந்து மாணவர்கள் நிற்கும் படம் ஒருநாள் செய்தித்தாளில் வரும். அன்றுதான் நம் தம்பி அவதரிக்கிறான். பத்தாம் வகுப்பு முடித்திருப்பான், மூக்கில் புதுக் கண்ணாடி. "ஜேஇஇ எல்லாம் எல்லாரும்தான் எழுதுறாங்க, நான் பிசிக்ஸ் ஒலிம்பியாட் எழுதப்போறேன்" என்று அறிவித்துவிட்டு அன்றிரவே தயாராக ஆரம்பிப்பான். உடனே உட்கார்ந்து சம் போடுகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். எந்தப் புத்தகத்தில் சம் போடலாம் என்று விசாரிக்கிறான்.

இந்த விசாரணைக் கமிஷன் மாதக்கணக்கில் நடக்கும். ஹெச்.சி. வர்மா போதுமா, ரெஸ்னிக்-ஹாலிடே-கிரேன் வேண்டுமா? மெக்கானிக்ஸுக்கு கிளெப்னரா, மோரினா? எஸ்டோனியாக்காரர் யான் கால்டாவின் குறிப்புகளை முதலில் படிப்பதா, கடைசியில் படிப்பதா? அறிக்கை வரும்வரை சும்மா இருக்க முடியுமா? அதனால் எல்லாவற்றையும் சேர்த்துவிடுவான். செல்போனில் இடம் போதாமல் குடும்பப் படங்கள் அழிக்கப்படும். அக்கா கல்யாண வீடியோ போனது ஒரு தெர்மோடைனமிக்ஸ் பிடிஎஃபுக்காக. தம்பி தெருமுனையில் திரும்பும்போதே ஜெராக்ஸ் கடை அண்ணன் ஸ்பைரல் பைண்டிங் மெஷினைத் துடைத்து வைத்துவிடுவார்.

இத்தனைக்கும் மேலே, சிகரமாக இருப்பது இரோடோவ். சோவியத் காலத்தில் மாஸ்கோவின் மிர் பதிப்பகம் வெளியிட்ட புத்தகம்; ஏறத்தாழ 1,900 கணக்குகள். ஈவு இரக்கமில்லாத மனிதர். ஒரு கணக்கை இரண்டு மூன்று வரியில் முடித்துவிட்டு நம்மை இரண்டு நாள் அலையவிடுவார். அதன் முதல் கணக்கு படகும் தெப்பமும் பற்றியது. ஆற்றோடு போகும் மோட்டார் படகு, மிதந்துபோகும் தெப்பத்தை ஓரிடத்தில் தாண்டுகிறது. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வரும்போது, முதலில் தாண்டிய இடத்திலிருந்து 6 கிலோமீட்டர் தள்ளி அதே தெப்பத்தைப் பார்க்கிறது. ஆற்றின் வேகம் என்ன?

தம்பி இதைச் சொல்லிக் கேட்க வேண்டும். "தெப்பத்துல உட்கார்ந்து பாருங்க அங்கிள். தண்ணியும் தெப்பமும் ஒண்ணாத்தான் போகுது. படகு உங்களை விட்டுப் போக ஒரு மணி நேரம்னா, திரும்பி வரவும் ஒரு மணி நேரம்தான். ரெண்டு மணி நேரத்துல தெப்பம் ஆறு கிலோமீட்டர். அப்போ வேகம் மணிக்கு மூணு!" பேப்பரே வேண்டாம். அழகான தீர்வு, ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்கு வரும் எல்லோருக்கும், காப்பிக்கு முன்னால் இது பரிமாறப்படும். இரண்டாம் கணக்கை இதுவரை யாரும் கேட்டதில்லை என்பது தம்பியின் ஜாதக விசேஷம். புத்தகத்தைப் புரட்டினால் முதல் இரண்டு பக்கங்கள் விரல் பட்டுப் பழுப்பேறியிருக்கும், அதற்கப்பால் பனிப்பிரதேசம்.

தங்கைகளும் இந்த வழிக்கு வருகிறார்கள். ஆனால் அவர்கள் பெரும்பாலும் புத்தகத்தைத் திறந்துவிடுவதால் இந்தச் சித்திரத்தில் அடங்க மாட்டார்கள்.

அப்பாவின் தயாரிப்பு இன்னும் ஆழமானது. நவம்பரில் இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நடத்தும் முதல் தேர்வு. அதைத் தாண்டினால் ஹோமி பாபா மையத்தின் தேசிய ஒலிம்பியாட். அதையும் தாண்டும் சுமார் 35 பேருக்கு மும்பை மான்குர்ட்டில் முகாம். அங்கிருந்து ஐந்தே பேர் நாட்டுக்காக. இதை அவர் கந்த சஷ்டி கவசம் போல் தடங்கலின்றி ஒப்பிப்பார். 1967-ல் வார்சாவில் ஐந்து நாடுகளோடு போட்டி தொடங்கியது, 1998-ல் இந்தியா முதன்முதலாகப் போனது, 2018-ல் லிஸ்பனில் ஐந்து பேருமே தங்கம் வாங்கியது எல்லாம் அவருக்கு மனப்பாடம். பையனுக்குப் பாஸ்போர்ட்கூட எடுத்தாயிற்று. முதல் தேர்வுக்கு ஹால் டிக்கெட் வருவதுதான் பாக்கி.

ஒரு சிக்கல் உண்டு. சர்வதேசப் போட்டியின் 50 மதிப்பெண்ணில் 20 செய்முறைக்கு. ஐந்து மணி நேரம், ஒரு மேசை, கொஞ்சம் கருவிகள். 2015-ல் மும்பையில் நடந்தபோது, ஒரு குட்டி ஸ்பிரிங் மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி, திரையில் விழும் புள்ளிகளை அளந்து ஸ்பிரிங்கின் ஆரத்தையும் புரியிடைத் தூரத்தையும் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். டிஎன்ஏ திருகுசுருள் என்று கண்டுபிடிக்க உதவிய அதே உத்தி. நம் தம்பி வளர்ந்த லேபிலோ தனி ஊசல் எப்படி ஆடினாலும் விடை 9.8 வந்தாக வேண்டும். வராவிட்டால் 9.8-ல் தொடங்கிப் பின்பக்கமாக ரீடிங்கைச் சமைத்து ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம். போட்டியில் கேட்பது உன் அளவீட்டில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று. பிழையே செய்யாமல் வளர்ந்த பிள்ளை என்ன எழுதுவான்? இந்த ஒரு விஷயத்தில் நான் தம்பி கட்சி. குற்றம் லேபின் மேல்.

ஆனாலும் 'பிழை வரம்பு' என்ற சொல் கையில் கிடைத்ததும் அவன் விடவில்லை. "எப்படா வீட்டுக்கு வருவே?" என்று அம்மா கேட்டால் "ஆறரை, பிளஸ் ஆர் மைனஸ் நாப்பது நிமிஷம்" என்கிறான். அந்த மைனஸை அவள் இதுவரை கண்ணால் கண்டதில்லை.

நவம்பர் வரும், போகும். "பேப்பர் ஈஸிதான் அங்கிள், டைம்தான் பத்தல" என்பான். ரிசல்ட் வந்த நாளில் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். அதற்கடுத்த வாரமே தம்பிக்குப் பதவி உயர்வு: பிளஸ் ஒன் பையன்கள் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். புத்தகப் பட்டியல், எதற்குப் பின் எது, எதை எப்போது தொடக்கூடாது எல்லாம் துல்லியமாகச் சொல்கிறான். "இரோடோவைச் சும்மா தொட்டுடாதே. அதுக்கு முதல்ல பேஸ் வேணும்."

ஒரு பொடியன் நோட்டில் குறித்துக்கொண்டே கேட்டான்: "அண்ணா, அதுல நீங்க மொத்தம் எத்தனை சம் போட்டிருக்கீங்க?"

தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "எத்தனைங்கறது முக்கியமில்லடா. கான்செப்ட்தான் முக்கியம்."