பங்குக் கிணற்றிலிருந்து மேகத்துக்கு ஒரு விண்ணப்பம்

ஓப்பன்ஸ்டாக் மேகக் கணிமையில் வளங்களின் உரித்துப் பதிவேட்டைப் பரிபாலித்து வரும் கனம் பிளேஸ்மென்ட் துரை அவர்கள் சமுகத்துக்கு,

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் நாற்பது வருஷம் காணி உறுதி எழுதி ஓய்ந்த நொத்தாரிசு ஒருவன் பணிவுடன் விண்ணப்பிப்பதாவது:

2010ஆம் ஆண்டில் நாசாவும் ராக்ஸ்பேசும் கூடி ஆரம்பித்த சமஸ்தானத்தில், நோவா என்னும் கணக்கப்பிள்ளையின் வீட்டிலே வளர்ந்து, 2019இல் தனிக்குடித்தனம் போய், எந்தச் சேவையகத்தில் எத்தனை செயலி, எவ்வளவு நினைவகம், அவற்றுள் எது எவர் பேரிற் பற்று என்று ஓயாமல் எழுதிவரும் தங்கள் உத்தியோகத்தின் மகிமையை என் பேரன் விஸ்தரித்து, "இதைத்தானே அப்பப்பா நீங்களும் செய்தீங்கள்?" என்று கேட்டபோது, ஆமென்று சொல்ல என் தொழிற்கௌரவம் இடங்கொடுக்கவில்லை.

எங்களூரில் ஓர் ஏக்கர் பதினாறு பரப்பு. தங்கள் சமஸ்தானத்திலோ ஒரு பரப்பே பதினாறு பரப்பாக இருந்ததாம். ஒரு செயலியைப் பதினாறாகக் கணக்கிட்டுப் பங்கிடுவதே நெடுங்காலம் அங்கே வழக்கமாயிருந்ததென்றும், நினைவகத்தில் மாத்திரம் தயை கூர்ந்து ஒன்றரை மடங்கோடு நிறுத்தினீர்களென்றும் கேள்வி. எல்லாரும் ஒரே வேளையில் உழ வரமாட்டார்கள் என்பது தங்கள் நியாயம். அந்த நியாயத்தை நம்பி ஒரே காணியைப் பதினாறு பேருக்கு உறுதி முடித்திருந்தால், இக்கடிதத்தை அடியேன் மறியலிலிருந்து எழுதியிருப்பேன். எங்கள் தேசவழமையின் கீழுள்ள 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி, பங்காளி தன் பங்கை விற்க முன் மற்றப் பங்காளிகளுக்கு அறிவித்தல் கொடுத்தாக வேண்டும். தங்கள் பங்காளிகளோ அயலவன் யாரென்றே அறியாதவர்கள்.

தகாத சேவையகங்களை முதலில் வடிகட்டி, எஞ்சியவற்றை நிறுத்துப் பார்த்து இடங்கொடுக்கும் நோவாவின் சாஸ்திரத்தில் எனக்கு ஆட்சேபமில்லை. சாதகத்தால் வடிகட்டிச் சீதனத்தால் நிறுக்கும் எங்கள் கலியாணத் தரகர்கள் அதை அறிவார்கள்.

என்னை உறங்கவிடாதது வேறொன்று. மெய்நிகர்க் கணினி அழிந்தபின்னும் அதன் பற்று சிலவேளை தங்கள் ஏட்டிலே கிடந்துவிட, உள்ளே வெறுமையாயிருக்கும் சேவையகம் நிறைந்ததாகத் தோன்ற, புதிதாக வருபவனுக்குத் "தகுந்த இடம் இல்லை" என்று மறுமொழி போகுமாமே! துரை அவர்களே, எங்கள் ஒழுங்கையில் ஒரு பங்குக் கிணறு உண்டு. என் தகப்பனார் காலத்தில், விடியற்புறம் யார் இறைப்பு, வெயிலேறினால் யார் முறை என்று வாய்வழக்கிலேயே ஒழுங்குசெய்து, துலா மிதித்துப் புகையிலைக்குப் பாய்ச்சிய கிணறு. மூன்றிலொரு பங்கும் வழிவாய்க்காலும் எவருக்கு என்று நானே எழுதினேன். அந்தப் பங்காளியின் பேரப்பிள்ளைகள் இன்று ரொறன்ரோவில். படலைச் சங்கிலி துருவேறி, மாம்பழம் விழுந்து அழுகுகிறது. காணி தேடி வரும் இளம் தம்பதிக்கு, வெறுங்காணியின் முன்னே நின்றுகொண்டே, காணி இல்லை என்கிறோம்.

தங்கள் ஏட்டில் உடையவனற்ற பற்றுகளைத் தேடிக் காட்டும் தணிக்கைக் கட்டளையொன்று நோவாவிடம் உண்டென்றும், அழி என்று பிரத்தியேகமாகச் சொன்னாலன்றி அது எதையும் அழியாதென்றும் பேரன் சொல்கிறான். அதை எங்கள் ஒழுங்கைக்கும் ஒருமுறை அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். எழுதிக் காட்டினாற் போதும், அழிக்க வேண்டாம். 1995 ஐப்பசி இடப்பெயர்வில் படலையைப் பூட்டிக்கொண்டு போனவர்களிற் சிலர் இன்னமும் திறப்பை வைத்திருக்கிறார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நொத்தாரிசு,
கொக்குவில்.