கேசட் அண்ணன்

ராயபுரம் கல்மண்டபத்தில் கிளம்பித் திருவொற்றியூர் தேரடி வரைக்கும் நடந்தால், தெருவுக்கு ஒரு கேரம் கிளப், நாலு தெருவுக்கு ஒரு கால்பந்து கோச், பத்துத் தெருவுக்கு ஒரு கேசட் அண்ணன் தேறுவார்கள். முதல் இரண்டு வகையினருக்கும் எம்.எல்.ஏ. கையால் கோப்பையோ சால்வையோ என்றைக்காவது கிடைத்துவிடும். கேசட் அண்ணனுக்குக் கிடைப்பதெல்லாம் எதிர்வீட்டு அம்மாவின் வசவுதான். "பரீட்ச நேரத்துல கடையத் தொறந்து வச்சிகினு புள்ளிங்களக் கெடுக்கறியே, நீ நல்லா இருப்பியா?"

அண்ணன் நல்லாத்தான் இருக்கிறார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, காதோரம் நரை, ஆனாலும் அண்ணன்தான். தப்பித் தவறி 'அங்கிள்' என்று கூப்பிட்ட பையனுக்கு அன்று பட்டன் அழுந்தாத ஜாய்ஸ்டிக்தான் வாய்க்கும்.

கடை என்பது வீட்டின் முன்னறைக்கு ஷட்டர் போட்டது. உள்ளே ஒரு பழைய சாலிடேர் டிவி, ஒரு பெஞ்சு, இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல். சுவரில் வடிவுடையம்மன், பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா, கீழே தொப்பியும் மீசையுமாக மரியோ. மூவருக்கும் ஒரே சீரியல் பல்பு. ஜப்பான்காரன் 1985இல் உருவாக்கிய 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' அண்ணனுக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்து பழக்கம். ஆனால் அந்த ஜப்பான்காரனுக்கு அண்ணன் இன்றுவரை ஒரு நயா பைசா கொடுத்ததில்லை. கொடுக்க வேண்டும் என்று யாரும் அவரிடம் சொன்னதும் இல்லை.

1983 ஜூலையில் மரியோவின் கம்பெனியான நிண்டெண்டோ ஜப்பானில் விற்பனைக்கு விட்ட ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் பெட்டிக்குப் பூட்டு கிடையாது. கண்ட கேசட்டையும் தள்ளி நிறுத்தும் காவல் சில்லு ஒன்றை அந்தக் கம்பெனி பிற்பாடு அமெரிக்காவுக்கு அனுப்பிய பெட்டியில்தான் வைத்தது. தைவானிலும் ஹாங்காங்கிலும் இருந்த பட்டறைக்காரர்கள் பூட்டில்லாத பெட்டியைப் பிரித்தார்கள், பார்த்தார்கள், அப்படியே வார்த்தார்கள். ரஷ்யாவில் அது 1992இல் 'டெண்டி' ஆனது. நம்மூரில் 'டெர்மினேட்டர்', 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்' என்றெல்லாம் அவதாரம் எடுத்தது. பர்மாவில் பிழைப்பை இழந்து திரும்பியவர்கள் பீச் ஸ்டேஷன் பக்கம் போட்ட கடைகள், அதாவது பர்மா பஜார், வடசென்னைக்கு அதை வாரி வழங்கின. முறையான பெட்டி எங்கள் தெருக்களில் யார் கண்ணிலும் பட்டதில்லை.

"கப்பல்ல வந்த மால்பா. ஹார்பர்ல எறங்கறப்ப நானே பாத்தேன்" என்பார் அண்ணன். அட்டைப்பெட்டியைத் திருப்பினால் டெல்லி முகவரி அச்சாகியிருக்கும். அதைக் காட்டினாலும் அசர மாட்டார்.

"பொட்டிதாம்பா டெல்லி. உள்ள கீறது ஜப்பான்."

உள்ளே இருப்பதையும் பார்த்துவிடலாம். மஞ்சள் நிற கேசட்டின் ஒரே ஒரு திருகைக் கழற்றினால், கையகல ஓட்டுக்குள் பிஸ்கட் அளவு பச்சைப் பலகை. அதன் நடுவே கறுப்பாய் ஒரு சொட்டுப் பிசின். அதற்கடியில்தான் சில்லு. மீதி இடமெல்லாம் காற்று. கனமாக இருந்தால்தான் ஒரிஜினல் என்று நம்பும் வாடிக்கையாளருக்காக, சில கேசட்டுகளுக்குள் இரும்புத் துண்டு ஒட்டியிருப்பதை அண்ணனே காட்டிச் சிரிப்பார். அதைச் செய்தது யார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

வெளி லேபிளில் '9999999 இன் 1' என்றிருக்கும். கோடிக்கு ஒன்று குறைவு. நிமிடத்துக்கு ஒரு விளையாட்டு என்று சோறு தண்ணீர் தூக்கம் இல்லாமல் ஆடினாலும் முடிக்க 19 வருடம் ஆகும். கேசட்டைப் போட்டதும் கடற்கரை, பறக்கும் பறவைகள், 'அன்செயின்டு மெலடி' என்ற 1955ஆம் வருடத்து ஆங்கிலப் பாட்டின் ட்யூன். அப்புறம் பட்டியல். உள்ளபடி இருக்கும் விளையாட்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் அதே மரியோ மூன்றாம் ஸ்டேஜிலிருந்து, அதே மரியோ ஐந்தாம் ஸ்டேஜிலிருந்து, அதே மரியோ வேறு பெயரில். தலைப்புத் திரையில் நிண்டெண்டோ என்ற எழுத்து இருந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்திருப்பார்கள். இதை எவனாவது புத்திசாலிப் பையன் கண்டுபிடித்துக் கேட்டால், "மொதல்ல அந்த கோடிய முட்ச்சிட்டு வா, அப்பால பேசலாம்" என்று அனுப்பிவிடுவார்.

1994இல் தைவானில் ஹம்மர் டீம் என்று ஒரு கூட்டம், சேகா கம்பெனியின் சோனிக் ஓடவேண்டிய பாதையில் நிண்டெண்டோவின் மரியோவை ஓடவிட்டு ஒரு கேசட் செய்தது. பரம வைரிகளான இரண்டு கம்பெனிகளுக்கும் சம்பந்தம் பேசி முடித்துவிட்டு, பிறந்த பிள்ளைக்கு அவர்கள் வைத்த பெயர் 'சோமாரி'. வண்ணாரப்பேட்டைக் கடை ஒன்றில் அதைப் பெயர் சொல்லிக் கேட்ட பையன் என்ன வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருப்பான் என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறேன்.

அண்ணனின் வேதம் 'கான்ட்ரா'. 1988இல் வீட்டுப் பெட்டிக்கு வந்தது, எட்டு ஸ்டேஜ். முறைப்படி ஆடினால் ஆளுக்கு மூன்று உயிர், ஒரு குண்டு பட்டால் ஓர் உயிர் காலி. அதைச் செய்த கம்பெனியில் கசுஹிசா ஹாஷிமோட்டோ என்று ஒருவர் இருந்தார். 1986இல் 'கிரேடியஸ்' என்ற விளையாட்டைச் சோதித்துப் பார்க்கையில் தனக்கே கஷ்டமாக இருக்கிறதே என்று குறுக்குவழி ஒன்றைச் செருகி வைத்தார். மேலே இரண்டு, கீழே இரண்டு, இடம் வலம், இடம் வலம், பி, ஏ. கான்ட்ராவில் அதை அழுத்தினால் 30 உயிர். அமெரிக்கப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டு மனப்பாடம் செய்து திரிந்தார்கள். நம் கேசட்டில் அந்தச் சிரமமே கிடையாது. மெனுவிலேயே 30 உயிர் எழுதிப் போட்டிருக்கும், தொட்டால் போதும்.

"மூணு உயிர வச்சிகினு இன்னாபா பண்ணுவான்? அண்ணன் தம்பி ரெண்டு பேர் ஆடணும். சின்னது மொத பள்ளத்துலயே வுழுந்துட்டு அழுவும். நடுவுல கரண்ட் போவும். ஒரிஜினல் போட்டவன் இதெல்லாம் யோசிச்சானா? டூப்ளிகேட்டு போட்டவன் யோசிச்சாம்பா. அவன் மன்சன்."

கரண்டைப் பற்றி அவர் சொல்வது முழுக்க முழுக்க அனுபவம். அந்தக் கேசட்டில் பாதி ஆட்டத்தைச் சேமித்து வைக்க வழியில்லை. எட்டாம் ஸ்டேஜில் இருக்கும்போது மின்வெட்டு வந்தால் மறுபடி முதல் காட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். கூப்பிடு தூரத்தில் எண்ணூர் அனல்மின் நிலையம் புகை விட்டுக்கொண்டிருக்க, இங்கே இருட்டில் நாலு பையன்கள் மின்சார வாரியத்தை வைததை நானே கேட்டிருக்கிறேன். வயதுக்கு மீறிய சொல்வளம்.

ரிப்பேரில்தான் அண்ணனின் மேன்மை தெரியும். காசிமேட்டு உப்புக் காற்று கேசட்டின் 60 செம்புப் பற்களையும் பச்சை பிடிக்க வைத்துவிடும். வீட்டில் பையன்கள் வாயால் ஊதுவார்கள். ஊதாதீர்கள், எச்சில் ஈரம் கெடுதல் என்று நிண்டெண்டோவே சொல்லியிருக்கிறது. அண்ணன் ஊதுவதற்கு முன் நடராஜ் ரப்பரால் ஒவ்வொரு பல்லாகத் தேய்ப்பார், காதுப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார், வெளிச்சத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். எல்லாம் முடிந்து, அப்புறமும் ஒருமுறை ஊதுவார். ஏன் என்று கேட்டால், "கஸ்டமர் நம்பணும்ல?" ஜாய்ஸ்டிக்கில் பட்டன் அழுந்தவில்லையென்றால் ரப்பர் மெத்தையின் அடியில் கரி தேய்ந்துபோயிருக்கும். சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித் தாளைக் குட்டியாக வெட்டி ஒட்டிக் கொடுப்பார். அவருக்குச் சிகரெட் பழக்கம் கிடையாது. தாளுக்காகவே டீக்கடைக்காரரோடு நட்பு.

2006க்குப் பிறகு அரசாங்கமே வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்தபோது, இலவச டிவியின் மஞ்சள் ஓட்டையில் மஞ்சள் ஒயர் செருகப் போய்ப் போய் அண்ணனுக்குப் பாதி தொகுதி மனப்பாடம். எந்தக் கட்சிக்காரரும் அவ்வளவு வீடு ஏறியிருக்க மாட்டார். பிறகு டப்பா டிவி போய் எல்இடி வந்தது, வாத்து சுடும் துப்பாக்கி வேலை செய்யாமல் போனது. அந்தத் துப்பாக்கி பழைய குழாய் டிவியின் மின்னலை மட்டுமே மோப்பம் பிடிக்கும். இது தெரிந்தும் இருந்த துப்பாக்கி எல்லாவற்றையும் அவர் விற்றுத் தீர்த்தார். திருப்பிக் கொண்டுவந்தவர்களிடம், "உன் டிவி சரியில்லமா, ரொம்ப மெல்லிசா கீது" என்றார்.

பிளேஸ்டேஷன் 2 வந்ததும் மணிக்கு இவ்வளவு என்று பெஞ்சுக்கு வாடகை. சில்லு மாற்றிய பெட்டி, வீட்டில் எழுதிய டிவிடி, மார்க்கர் பேனாவில் 'மல்யுத்தம்', 'கார் திருடன்'. 2004இல் திருட்டு வீடியோக்காரர்களையும் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது கடையிலிருந்த சினிமாத் தட்டுகள் ஒரே ராத்திரியில் மறைந்தன. விளையாட்டுத் தட்டுகள் அலமாரியிலேயே இருந்தன. சோதனைக்கு வந்தவர்கள் அதை எடுத்துப் பார்த்து, ரஜினி படம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வைத்துவிட்டுப் போனார்கள்.

நிண்டெண்டோ 2016இல் தன் பழைய பெட்டியைத் தானே குட்டியாகச் செய்து, உள்ளேயே விளையாட்டுகளை அடைத்து விற்றது. அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் அக்கா மகன் அதை ஆசையாக வாங்கிவந்து அண்ணன் முன்னால் வைத்தான். அண்ணன் கையில் எடுத்துப் பார்த்தார். குலுக்கிப் பார்த்தார்.

"முப்பது இருக்கு மாமா" என்றான் பையன் பெருமையாக.

"உயிரா?"

"கேம் மாமா. மொத்தம் முப்பது கேம்."

"லட்சத்துலயா, ஆயிரத்துலயா?"

"வெறும் முப்பதுதான்."

அண்ணன் பட்டியலை மேலும் கீழுமாக ஓட்டினார். "கான்ட்ரா எங்கடா?"

"அது இல்ல. 'சூப்பர் சி'ன்னு அதோட ரெண்டாம் பார்ட் இருக்கு."

"மொத பார்ட் இல்லாம ரெண்டாம் பார்ட்டா? எவ்ளோ குடுத்த?"

"அறுபது டாலர்."

அண்ணன் மனசுக்குள் நாலாயிரத்தைத் தொட்டுவிட்டு வந்தார். பையனைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை.

"எவனோ உன்ன நல்லா ஏமாத்திகிறான். டூப்ளிகேட்டுடா இது. சரி வுடு, ராத்திரி வச்சிட்டுப் போ. ஆறுநூறு எழுநூறு கேம் ஏத்தி, கான்ட்ராவும் போட்டு வைக்கறேன். சொந்தக்காரன், முந்நூறு ரூபா குடு போதும்."

"வேணாம் மாமா, பிரிச்சா வாரன்டி போய்டும்."

"வாரன்டி நான் தரேன்."

"எவ்ளோ நாளைக்கு?"

"கடைப் படி எறங்கற வரைக்கும்."