காலண்டர் ஆணி

எங்கள் வீட்டு மேசைக்கணினிக்கு வயது பதினொன்று. பழைய இயங்குதளத்துக்கு இனிமேல் பராமரிப்பு கிடையாது, புதியதை இந்த உடம்பு தாங்காது என்று திரையே சொல்லிவிட்டது. லினக்ஸுக்குக் காசு இல்லை. புதுக் கணினிச் செலவை மிச்சம்பிடித்த குடும்பத் தலைவனாக மூன்று நாள் வீட்டுக்குள் உலவினேன்.

நல்ல நேரம் பார்ப்போமே என்று ஹாலில் தொங்கும் தினசரி காலண்டரை அணுகினேன். ஞாயிறு, ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு. என் ராசிக்கு ‘பொறுமை’ என்று போட்டிருந்தது. காலையிலேயே பென்டிரைவைச் செருகி டெபியன் என்ற லினக்ஸைப் போட்டேன். நடுவில் நெட்வொர்க் இல்லை என்று ஏதோ கேட்டது. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவரைத் தாண்டுவதுபோலப் பார்க்காமல் தாண்டிவிட்டேன். 1993இல் இயன் மர்டாக் தன் காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டி வைத்த பெயர் இது என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். “நம்ம வீட்டுக்கு உங்க அம்மா பேரைத்தான் வெச்சீங்க” என்றாள்.

எல்லாம் முடிந்து பார்த்தால் இணையம் இல்லை. இந்தக் கிழத்துக்கு வைஃபை கிடையாது. மோடம் ஹாலில், அங்கிருந்து கேபிள் சுவரோரமாக ஊர்ந்து அறைக்கு வருகிறது. மனைவியின் போனைக் கடன் வாங்கி, அவள் பார்த்துக்கொண்டிருந்த சீரியலைப் பாதியில் நிறுத்தி, ‘ஐபி லிங்க்’ என்ற கட்டளையைக் கற்றேன். முன்பெல்லாம் ‘ஈத் ஜீரோ’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்த நெட்வொர்க் கார்டு, இப்போது பஸ் 3, ஸ்லாட் 0 என்று கதவு எண்ணெல்லாம் சேர்த்து ‘இஎன்பி3எஸ்0’ என்று நின்றது. பக்கத்திலேயே ‘நோ கேரியர்’. எதிர்முனையிலிருந்து சிக்னலே வரவில்லை, கேபிளைப் பார் என்று அதற்குப் பொருள். அந்தப் புத்தி எனக்கு இருந்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. நான் டிரைவரைச் சந்தேகப்பட்டேன்.

நிர்வாகியின் அதிகாரத்தைக் கடன் வாங்கும் ‘சூடோ’ கட்டளையைப் போட்டு ஏதோ செய்யப் போனேன். உனக்கு அதிகாரமில்லை, விஷயம் நிர்வாகியிடம் தெரிவிக்கப்பட்டது என்றது. நிறுவும்போது ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குக் கடவுச்சொல் கொடுத்துவிட்டால் டெபியன் நம்மைச் சூடோ பட்டியலில் சேர்ப்பதில்லை. நிர்வாகியும் நான்தான். என்மேல் வந்த புகார் என்னிடமே வருவது இந்த வீட்டில் இதுதான் முதல் தடவை. வழக்கமாக மாமியாருக்குப் போகும்.

ரூட்டாகவே உள்ளே நுழைந்து, ‘இன்டர்ஃபேசஸ்’ என்ற கோப்பில் கார்டின் பெயரை எழுதி வைத்தேன். அங்கே பெயர் ஏறிவிட்டால், இணைப்பைக் கவனித்துக்கொள்ளும் நெட்வொர்க் மேனேஜர் என்ற நிரல், இவனை வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று கையைக் கழுவிக்கொள்ளும். இருந்த ஒரே ஆதரவையும் விரட்டியாயிற்று. கண்டுபிடித்து அழிப்பதற்குள் மணி நாலரை. ராகு காலத்தில் எதையும் தொடவில்லை. காபி குடித்தேன்.

ஆறு மணிக்குப் பத்தாவது படிக்கும் மகள் வந்து, மோடத்தைத் தூக்கிக் கணினி பக்கத்தில் வைத்து, அதன் பெட்டியில் கிடந்த குட்டிக் கேபிளைச் செருகினாள். இணையம் வந்துவிட்டது. “டிரைவர் நல்லாத்தான் இருக்காருப்பா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போதுதான் சமையலறையிலிருந்து குரல். “ஏங்க, அந்தக் காலண்டருக்கு ஆணி அடிச்சப்பவும் இதே மாதிரி நெட் போச்சே?”

போயிற்று. ஆறு வருஷத்துக்கு முன் நான் அடித்த ஆணி கேபிளுக்குள் இறங்கி, எட்டுக் கம்பிகளில் நான்கை முடித்துவிட்டது. அன்று நெட்டைச் சரிசெய்ய வந்த பையன் கணினியில் வேகத்தை 100 மெகாபிட்டில் நிறுத்தி ஓட வைத்தான். நூறுக்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும். ஆயிரத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். பழைய இயங்குதளத்தோடு அந்த ஏற்பாடும் அழிந்துபோனது. விவரம் தெரியாத லினக்ஸ் ஆயிரத்துக்கே பேசியிருக்கிறது. இதில் வேடிக்கை, வேகத்தைப் பேசி முடிப்பது உயிரோடிருக்கும் அந்த இரண்டு ஜோடியில்தான். நிச்சயதார்த்தம் ஜாம்ஜாமென்று நடக்கும். முகூர்த்தத்துக்குப் பாதிப் பேர் வரமாட்டார்கள். கல்யாணம் நிற்கும், கார்டின் விளக்கு ஒரு கணம் எரிந்து அணையும், மறுபடி நிச்சயதார்த்தம். காலையிலிருந்து என் அறையில் இதுதான் நடந்துகொண்டிருந்தது.

மோடத்தை ஹாலுக்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, நூறுக்கு மேல் வாக்குக் கொடுக்காதே என்று நெட்வொர்க் மேனேஜரிடம் எழுதி வைத்தேன். உடனே விளக்கு நின்று எரிந்தது. சீரியலுக்குப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். சார்ஜ் நாலு சதவீதம்.

ஆணியைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கேபிள் இழுக்கலாம் என்றேன். “சுத்தியலைத் தொடாதீங்க” என்றாள். மறுநாள் காலை தாளைக் கிழித்தேன். என் ராசிக்கு ‘அடக்கம்’.